வேலையோடு பட்டப்படிப்பு: செவ்வாய்க்கிழமை இரவைத் தாண்டும் வழிகள்

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதே கால். வேலை முடிந்து வந்து பையைக்கூட இன்னும் ஓரமாக வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அசைன்மென்ட் போக வேண்டும். நான்காம் அத்தியாயத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உட்கார வேண்டும் என்று தெரியும். கை போனை எடுக்கிறது. அஞ்சு நிமிஷம்தான் என்று ஆரம்பித்தது, நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்று. அப்புறம் தூக்கம் வருவதற்குள் தன்னையே திட்டிக்கொள்ள அரை மணி நேரம்.

மூன்று வருடப் பட்டத்தை நான் ஐந்தரை வருடத்தில் முடித்தேன். முழுநேர வேலை, ஒரு குழந்தை, நடுவில் இரண்டு அரியர், ஒரு செமஸ்டர் முழுக்க இடைவெளி. என்னோடு சேர்ந்து பாதியில் விட்டவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் யாருக்கும் ஆசை குறைச்சலில்லை. சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் முதலில் போட்ட அட்டவணை ஒரே மாதிரி இருந்தது: ஞாயிற்றுக்கிழமை காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த ஓர் ஆள் போட்ட அட்டவணை. அதைச் செய்ய வேண்டியவரோ செவ்வாய்க்கிழமை இரவின் ஆள். இருவருக்கும் பெயர் ஒன்றுதான், உடம்பு ஒன்றுதான்; மற்றபடி சம்பந்தமே கிடையாது. கீழே வருவதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளை மனதில் வைத்து எழுதியது.

படி 1: காரணத்தைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள்

ஏன் படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் எல்லோரிடமும் உண்டு. "படிப்பு எப்பவும் நல்லதுதானே" என்பது போல. அந்தப் பதில் இரவு ஒன்பதே காலுக்கு உதவாது. ஒரு தாளில் மூன்றே வரி எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

என் முதல் வரி பொறாமை. எனக்குப் பின்னால் சேர்ந்து, நான் வேலை கற்றுக்கொடுத்த பையன், பட்டம் இருந்ததால் எனக்கு மேலே போனான். அந்த எரிச்சல் என்னைச் சுமார் ஒரு வருடம் தள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு தீர்ந்துவிட்டது. அந்தப் பையன் மேல் கோபம்கூட வரவில்லை. நல்லவேளையாக அதற்குள் புள்ளியியல் பேப்பர் பிடித்துப்போயிருந்தது. நான் தினமும் வேலையில் பார்த்த எண்களுக்கு அர்த்தம் புரிய ஆரம்பித்திருந்தது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்துவந்தார்கள். பிறர் வற்புறுத்தலாலோ குற்ற உணர்ச்சியாலோ செய்வதைவிட, தானே விரும்பியோ தனக்கு முக்கியம் என்று ஏற்றுக்கொண்டோ செய்யும் காரியத்தில் மனிதர்கள் நீண்ட நாள் நிலைக்கிறார்கள் என்பது அவர்கள் கோட்பாட்டின் சாரம். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பணத்துக்காகப் படிப்பது மட்டமான காரணம் என்று இதற்குப் பொருளில்லை. சம்பள உயர்வு உங்களுக்கே வேண்டியது என்றால் அது உங்கள் காரணம். அப்பாவுக்காக, அண்ணன் சொன்னதற்காக என்றால்தான் யோசிக்க வேண்டும்.

எழுதிய தாளை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காரணம் மாறியிருந்தால் புதிதாக எழுதுங்கள். மாறாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

படி 2: மணிக்கணக்கைப் போடுங்கள், பிறகு ஒன்றரையால் பெருக்குங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 50, வேலை 45, போக வர 8, சமையல், குளியல், துணி, குழந்தை, கடை என்று எழுதிக்கொண்டே வந்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஒரு வாரம் உண்மையில் எப்படிப் போனது என்று குறித்துவிட்டு இதைப் போடுங்கள். மனக்கணக்கில் எல்லோரும் பணக்காரர்கள்.

மறுபக்கம், படிப்பு எவ்வளவு நேரம் கேட்கிறது? ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு வருடம் 60 கிரெடிட். அதில் பாதியை எடுத்தால் 30 கிரெடிட், குறைந்தது 750 மணி நேரம். வருடத்தில் 45 வாரம் படிப்பதாக வைத்துக்கொண்டாலும் வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் வருகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். சேரும் முன்பே ஒரு பேப்பருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி அந்த ஒன்றரை. 1994-இல் ரோஜர் பியூலரும் சகாக்களும் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். ஆனது சுமார் 55 நாள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள்; அதற்குச் சொன்ன எண்ணிக்கையைக்கூட உண்மை தாண்டிவிட்டது. ஆகவே ஓர் அசைன்மென்டுக்கு ஆறு மணி நேரம் என்று தோன்றினால் ஒன்பது என்று எழுதுங்கள்.

கணக்கு உதைத்தால் ஒரு பேப்பரைக் குறையுங்கள். இதைச் சொன்னால் முகம் வாடுகிறது. ஒரு வருடம் தள்ளிப்போகுமே என்கிறார்கள். நான்கு பேப்பர் எடுத்து இரண்டில் தோற்றாலும் அந்த வருடம் தள்ளித்தான் போகும். கூடவே கட்டணமும் போகும், தன்னம்பிக்கையும் போகும். நான் இரண்டையும் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கற்றேன்.

படி 3: "எப்போது, எங்கே" என்ற கேள்வியை இரவுக்கு விட்டுவைக்காதீர்கள்

"தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்பது ஆசை. அதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் மாணவர்களுக்கு ஒரு விடுமுறை நாளைப் பற்றிச் சிறு அறிக்கை எழுதி, 48 மணி நேரத்துக்குள் அனுப்பச் சொன்னார். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். இரண்டு குழுவுக்கும் வேலை ஒன்றே.

ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் படிப்பைக் கட்டுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: "சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து நேற்று விட்ட பத்தியைப் படிப்பேன்." தட்டு கவிழும் சத்தம்தான் மணி. அதற்கு நடுவில் சோபா வரக் கூடாது. சோபாவில் உட்கார்ந்து ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

மேசையை முந்தின நாளே தயார் செய்யுங்கள். புத்தகத்தை மூடாதீர்கள். நிறுத்திய வரிக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் "அடுத்து: 3-ஆம் கணக்கு, சூத்திரம் பக்கம் 88" என்று எழுதிவையுங்கள். மறுநாள் வருபவருக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. கண்ணை ஓட்டத் தெம்பு இருக்கும். சில நாள் அந்தச் சீட்டைப் படிக்கும்போது யாரோ எனக்காக வேலை செய்துவைத்துப் போனது போலவே இருக்கும்.

வேலையிடத்தில் கிளம்பும் முன்னும் இதே மாதிரி ஒரு சீட்டு உதவும். ஒரு வேலையை விட்டு அடுத்ததற்கு மாறும்போது முந்தியதன் நினைப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். எங்கே நிறுத்தினோம், நாளை எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வந்தால் அந்த ஒட்டல் குறையும். போன் வேறு அறையில் இருக்கட்டும். இதற்கு மேல் போனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: மோசமான நாளுக்கென்று தனி அளவு

இந்த ஒரு படியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

அட்டவணையில் இரண்டு அளவு இருக்க வேண்டும். நல்ல நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், மோசமான நாளுக்குப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும்: பழைய வினாத்தாளில் ஒரு கேள்வி, அல்லது இரண்டு பக்கம், அல்லது வரையறைகள் ஐந்து. ஓவர்டைம் முடிந்து வந்த இரவு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவு, மேனேஜரிடம் பேச்சு வாங்கிய இரவு, இந்தப் பதினைந்து நிமிடத்தோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. மிச்சம் வைக்கக் கூடாது. நாளைக்குச் சேர்த்துப் படிக்கிறேன் என்று ஏற்றிவைத்த பாக்கிதான் ஆளைச் சாய்க்கிறது. திங்கள் ஒன்றரை, செவ்வாய் ஒன்றரை என்று கூடிக்கொண்டே போய், வியாழக்கிழமை நாலரை மணி நேரம் கடனாக நிற்கும்போது யார்தான் புத்தகத்தைத் திறப்பார்?

முதல் இரண்டு வருடம் எனக்கு இந்த ஏற்பாடு இல்லை. முழுசாகப் படித்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. ஒரு நாள் விட்டால் வாரமே கெட்டுவிட்டது என்று தோன்றும். கெட்ட வாரத்தில் படித்து என்ன என்று ஞாயிறு வரை விட்டுவிடுவேன். மூன்றாம் வருடம் பதினைந்து நிமிட ஏற்பாட்டை ஆரம்பித்தேன். முதல் மாதம் அது எனக்கே கேலியாகப் பட்டது. ஆனால் பதினைந்து நிமிடத்துக்காக உட்கார்ந்த இரவுகளில் பாதி, எழுந்திருக்கும்போது ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். மீதிப் பாதியில் சரியாகப் பதினைந்தாவது நிமிடம் எழுந்து போய்ப் படுத்திருக்கிறேன். அன்றைக்கும் நிம்மதியாகத் தூங்கினேன்.

பழக்கம் எப்படிப் படிகிறது என்று ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் லண்டனில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள் அல்லவா, அதை நம்ப வேண்டாம். அவர்கள் கணக்கில் நடுவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே ஒரு நாள் போனால் போகட்டும். இரண்டாம் நாளைத்தான் விடக் கூடாது. இந்தக் கடைசி வரி ஆய்வில் இல்லை, நான் போட்டுக்கொண்ட விதி.

படி 5: மனதில் நிற்கிற மாதிரி படியுங்கள்

படிப்பின் மேல் வெறுப்பு வருவதற்கு ஒரு பெரிய காரணம், படித்தது நிற்காமல் போவது. களைத்த உடம்போடு மூன்று இரவு உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தை முடித்து, அடுத்த வாரம் திறந்தால் முதல் தடவை பார்ப்பது போல இருந்தால், எந்த மனுஷருக்கும் விட்டுப்போகும். வயசாகிவிட்டது, மூளை ஓடவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் படிக்கும் முறைதான் தப்பு.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

நேரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? இரண்டு பக்கம் படி, மூடு, வெறும் தாளில் ஞாபகம் வந்ததை எழுது, விட்டுப்போனதைத் திறந்து பார். அதே விஷயத்தை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. வண்ணவண்ணமாகக் கோடு போடுவதை நான் ஆசையோடு நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன்; அது அவ்வளவு சுகமான வேலை. ஆனால் கோடு போட்ட பக்கம் மனதில் ஏறியதா என்று சொல்ல முடிந்ததில்லை. வெறும் தாள் உடனே சொல்லிவிடும்.

படி 6: வீட்டிலும் வேலையிலும் சொல்ல வேண்டியது

முதல் வருடக் கடைசியில் என் கணவரோடு ஒரு சண்டை. அவர் கத்தவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார்: "நீ படிக்கிறது எனக்குப் பிரச்சனையே இல்லம்மா. எப்போ எழுந்திருப்பேன்னு தெரியல பாரு, அதான் தாங்கல."

நியாயம். நான் உட்காரும் நேரத்தைச் சொன்னேன், எழுந்திருக்கும் நேரத்தைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து கதவில் ஒரு சீட்டு: "10.15 வரை." பத்தே காலுக்குப் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோரும் மாறினார்கள். மகள் பத்து மணிக்கே கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்து, "அம்மா, இன்னும் பதினைஞ்சு நிமிஷம் இருக்கு, நான் ஒண்ணும் கூப்பிடல" என்று கூப்பிடுவாள்.

வீட்டாரிடம் "ஒத்துழைப்பு கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பரீட்சைத் தேதிகளை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி, அந்த மூன்று வாரத்துக்கு எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்ததும் அந்த வேலைகளை நீங்களே கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கேட்க முகம் வேண்டும் அல்லவா.

வேலையிடத்தில் செமஸ்டர் தொடங்கும்போதே பரீட்சை நாட்களைச் சொல்லி லீவு எழுதிக்கொடுப்பது, ஷிப்ட் மாற்றிக்கொள்வது எல்லாம் எளிது. முந்தின வாரம் போய் நின்றால் மேனேஜருக்கும் சங்கடம். படிப்பதையே யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு, சில இடங்களில் அது சரியாகவும் இருக்கலாம். உங்கள் இடம் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கூடப் படிக்கும் ஒரே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வதந்தியும் வாழ்த்துப் படமும்தான் அதிகம். ஒருவர் போதும், ஞாயிறு இரவு "இந்த வாரம் என்ன முடிச்சீங்க?" என்று கேட்டால் போதும்.

படி 7: நடு வருடங்களைச் சின்னதாக்குங்கள்

முதல் செமஸ்டரில் புதுசு என்ற வேகம் இருக்கும். கடைசி செமஸ்டரில் கரை தெரியும். நடுவில் இருப்பதுதான் கொடுமை. 1930-களில் கிளார்க் ஹல் என்பவர் எலிகளை நேர்ப்பாதையில் ஓடவிட்டு, இரை நெருங்க நெருங்க அவை வேகமெடுப்பதைப் பதிவு செய்தார். மனிதர்களிடமும் அதே போக்கு காணப்பட்டிருக்கிறது. அப்படியானால் இலக்கு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது கால் தளர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டத்தை மறந்துவிட்டுப் பேப்பரை எண்ணுங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செய்ததும் மிச்சமும் ஆகிய இரண்டில் எது சின்னதோ அதைப் பார்த்தால் ஊக்கம் கூடும். இருபது பேப்பரில் மூன்று முடித்திருக்கும்போது, பதினேழு பாக்கி என்று பார்க்காமல் மூன்று முடிந்தது என்று பாருங்கள். பதினொன்றைத் தாண்டியதும் திருப்பிப் போட்டு, இன்னும் ஒன்பது, இன்னும் எட்டு என்று இறங்குங்கள். நான் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருபது கட்டம் வரைந்துவைத்தேன். ஒரு கட்டத்தை அடிக்க ஏழெட்டு மாதம்கூட ஆனது உண்டு.

படி 8: தோற்றால், நிறுத்த நேர்ந்தால்

அரியர் விழுந்த அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு விடைத்தாளை வாங்கிப் பார்க்க முடிந்தால் பார்த்து, எங்கே மார்க் போனது என்று எழுதுங்கள். புரியாமல் போனதா, நேரம் போதாமல் போனதா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போனதா? என் முதல் அரியர் மூன்றாவது வகை. "ஒப்பிடுக" என்று கேட்டதற்கு இரண்டையும் தனித்தனியாக விவரித்துவிட்டு வந்திருந்தேன். இரண்டாவதுக்குப் பாடமே ஏறவில்லை. மருந்து வேறு வேறு.

சில சமயம் உண்மையிலேயே முடியாது. பிரசவம், நோய், வேலை போவது, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. அப்போது சத்தமில்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. அப்படிச் செய்தால் பதிவு காலாவதியாகலாம், கட்டணம் வீணாகலாம். அலுவலகத்துக்குப் போய் நான்கு விஷயம் கேளுங்கள்: ஒரு செமஸ்டர் இடைவெளி எழுதி வாங்க முடியுமா, பேப்பரை விலக்கிக்கொள்ளக் கடைசித் தேதி எது, மொத்தப் படிப்பை எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும், இதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்குமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் வாய்வார்த்தையாகக் கேட்டதை நம்பி நான் ஒரு தேதியைத் தவறவிட்டிருக்கிறேன்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், படிப்பு மட்டுமல்லாமல் சாப்பாடுகூட வேண்டாம் என்று இருந்தால் அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இடைவெளி எடுத்தால், திரும்பும் தேதியையும் அன்றைக்கே காலண்டரில் குறியுங்கள். திரும்பி வந்த முதல் இரண்டு வாரம் பதினைந்து நிமிட அளவு மட்டும் போதும். நான் ஏழு மாதம் கழித்து அந்த மேசைக்குத் திரும்பியபோது, சீட்டு மஞ்சளாகியிருந்தது, பென்சில் காணவில்லை. "அடுத்து: 6.2, எடுத்துக்காட்டு இரண்டு" என்று என் கையெழுத்தில் இருந்தது. எடுத்துக்காட்டு இரண்டு புரியவில்லை. 6.1-க்குப் போனேன்.